தண்ணீரின் தாய்வீட்டுக்குத் தனியாக ஒரு நாள்

எங்கள் ஊர் குச்சனூர். பெயரைச் சொன்னதுமே உங்களில் பலருக்கு ஞாபகம் வந்திருக்கும். சனீஸ்வர பகவான் சுயம்புவாக இருக்கும் ஊர். சனிக்கிழமைகளில், அதிலும் ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில், எங்கள் தெருவில் நாங்களே நடக்க முடியாது. எங்கெங்கிருந்தோ வேனிலும் காரிலும் வந்து இறங்குவார்கள். வாய்க்காலில் முங்கிக் குளிப்பார்கள். எள் தீபம் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, வந்த வழியே போய்விடுவார்கள். கல்யாணமாகி வந்த இருபத்தைந்து வருஷமாக நானும் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். "எந்த ஊருங்க?" என்று கேட்பேன், குடிக்கத் தண்ணீர் கொடுப்பேன். சேலம் என்பார்கள், திருப்பூர் என்பார்கள்.

நான் எங்கே போயிருக்கிறேன்? கல்யாணம், காதுகுத்து, எழவு, ஆஸ்பத்திரி, வருஷத்துக்கு ஒரு தடவை வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. அவ்வளவுதான். எல்லாமே காரியமாகப் போனது, எல்லாமே யாரோடாவது போனது. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு கூடை, முன்னால் வேகமாக நடக்கும் வீட்டுக்காரர். எந்த ஊரிலும் எதையும் நின்று பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இந்த யோசனையைக் கிளப்பிவிட்டவள் என் தங்கச்சி மகள். சீனாவில் செங்டு என்ற நகரத்தில் டாக்டருக்குப் படிக்கிறாள். ஒரு லீவு நாளில் தன்னந்தனியாக ரயில் ஏறி, பக்கத்திலுள்ள டூஜியாங்யான் என்ற ஊருக்குப் போயிருக்கிறாள். மறுநாள் போனில் மூச்சு விடாமல் சொன்னாள். கி.மு. 256 வாக்கில் லீ பிங் என்ற அதிகாரி அங்கே ஒரு பாசன ஏற்பாடு செய்தாராம். குறுக்கே அணை கட்டாமல், ஆற்றின் நடுவில் மீன் வாய் போல ஒரு கரை எழுப்பி, ஆற்றையே இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை மலையை வெட்டி வயலுக்குத் திருப்பிவிட்டாராம். வெடிமருந்து இல்லாத காலம். பாறையை நெருப்பால் சுட்டு, மேலே தண்ணீர் ஊற்றி விரிசல் விடவைத்து உடைத்தார்கள் என்கிறார்கள். இன்றைக்கும் அந்தச் சமவெளி அந்தத் தண்ணீரில்தான் விளைகிறதாம். லீ பிங்குக்கும் அவர் மகனுக்கும் அங்கே கோயிலே இருக்கிறதாம். ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டு, தொங்கு பாலத்தில் நின்று, பொழுது சாய்கிற வரைக்கும் சும்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"தனியாவாடி?" என்று கேட்டேன்.

"ஆமா பெரியம்மா. தனியாப் போனாத்தான் நம்ம இஷ்டத்துக்கு நிக்கலாம். சரி, உங்க வீட்டுக்குப் பின்னாடி ஓடுதே வாய்க்கா, அது எங்கேருந்து வருது?"

"பெரியாறு டேம்லேருந்து வருது. லோயர் கேம்ப் வழியா. இதுகூடத் தெரியாதா?"

"நீங்க போய்ப் பாத்திருக்கீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் கோயிலைத் தொட்டு ஓடும் சுரபி நதி, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர்தான். அதில்தான் துணி துவைத்தேன், பாத்திரம் கழுவினேன், பிள்ளைகளைக் குளிப்பாட்டினேன். 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினைக்காகப் பள்ளத்தாக்கே திரண்டு லோயர் கேம்ப்பை நோக்கிப் போயிற்றே, அப்போது எங்கள் வீட்டிலிருந்தும் ஆண்கள் போனார்கள். நான் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினேன். நான் போகவில்லை. ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரம்தான்!

அன்று ராத்திரியே வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எதுக்கு?" என்றார். பார்க்கத்தான் என்றேன். "அங்க என்ன இருக்கு பாக்க? சரி, ஞாயித்துக்கிழமை வேன் பேசி எல்லாரும் போவோம்."

சகோதரிகளே, வேன் பேசி எல்லாரும் போவது எப்படியென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து பன்னிரண்டு பேருக்குப் புளியோதரை கிளறுவது நான். தட்டு போடுவதும் நான். வாந்தி எடுக்கும் குழந்தைக்கு எலுமிச்சம்பழம் தேடுவதும் நான். வேன் வாடகை வேறு ஆயிரக்கணக்கில். "இல்லைங்க, நான் ஒத்தையில போயிட்டு வர்றேன். புதன்கிழமை. டவுன் பஸ்ஸுலயே போயிடுவேன்" என்றேன். ஊர் என்ன சொல்லும், உடம்புக்கு வந்தால் என்ன செய்வாய், வழி தெரியுமா என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றும் நியாயமான கேள்விதான். வழி நேர் வழி என்றேன். உடம்புக்கு வந்தால் போன் பண்ணுவேன் என்றேன். ஊரைப் பற்றிய கேள்விக்குத்தான் என்னிடம் பதிலில்லை. திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த மாமியார் எதுவும் பேசவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

போனது ஜூன் மாதம். முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்து, நாற்றங்கால் பச்சை பிடிக்கிற நேரம். வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் மேற்கு மலையிலிருந்து சாரல் அடிக்கும். கிளம்புவதற்கு முன் மத்தியானச் சாப்பாட்டைச் செய்து மூடிவைத்தேன். எனக்கு ஒரு டிபன் டப்பாவில் தயிர்சாதம், நார்த்தங்காய் ஊறுகாய், நாலு மோர்மிளகாய். ஒரு பாட்டில் தண்ணீர், குடை, பழைய செருப்பு, பிரஷர் மாத்திரை. முந்நூறு ரூபாயில் இருநூறை மணிபர்சில் வைத்து, நூறை ரவிக்கைக்குள் வைத்தேன். வீட்டு நம்பரையும் வீட்டுக்காரர் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டேன். போன் செத்துப்போனால் நம்பர் மனப்பாடமாக யாருக்குத் தெரிகிறது இப்போதெல்லாம்?

ஏழு மணி டவுன் பஸ். 2021 மே 8-ம் தேதியிலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் காசில்லை என்று ஆக்கினார்களே, அதில் சின்னமனூர் சந்தைக்கும் ரேஷன் வேலைக்கும் நிறையப் போயிருக்கிறேன். எதற்கும் இல்லாமல் போவது அன்றுதான் முதல் தடவை. பக்கத்து சீட்டில் வாழைத்தார் வியாபாரிக்குச் சீப்பு அறுத்துக் கொடுக்கப் போகும் மதினி ஒருத்தி. "எங்கிட்டு?" என்றாள். "லோயர் கேம்ப்." "யாரு இருக்கா அங்க?" "யாரும் இல்ல மதினி, சும்மாதான்." என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்தச் "சும்மா" என்ற வார்த்தையைச் சொல்ல அன்று முழுக்க எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

சின்னமனூரில் இறங்கி நேரே பூலானந்தீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். எத்தனையோ தடவை போன கோயில்தான். ஆனால் பிரதோஷக் கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தது ஒரு தரிசனம், புதன்கிழமை காலையில் யாருமில்லாத பிராகாரத்தில் உட்காருவது வேறு தரிசனம். பார்ப்பவரின் உயரத்துக்குத் தகுந்தபடி தெரிவார், அளவுக்கு அளவானவர் என்று சுவாமியைப் பற்றிச் சொல்வார்கள். பாண்டியர் வரலாற்றுக்கு ஆதாரமான சின்னமனூர்ச் செப்பேடுகள் இந்த ஊரின் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன. பெரிய செப்பேடு பத்தாம் நூற்றாண்டில் ராஜசிம்ம பாண்டியன் காலத்தது. மதுரையில் சங்கம் வைத்ததையும், மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கியதையும் சொல்வது அதுதான். பத்தாம் வகுப்பு வாத்தியார் சொன்னபோது கொட்டாவி விட்டேன். அன்று தூணில் சாய்ந்துகொண்டு நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. விளக்குக்குப் பத்து ரூபாய், வெளியே வந்து டீ பன்னிரண்டு ரூபாய்.

அங்கிருந்து கம்பத்துக்கு ரூட் பஸ். இதில் நமக்கும் டிக்கெட் உண்டு, இருபது ரூபாய். டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் காசு மிச்சமாகியிருக்கும், ஆனால் வெயிலுக்கு முன் போய்விட நினைத்தேன். ஜன்னலோர சீட். சின்னப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து எத்தனை வருஷமாகிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு பக்கம் தென்னையும் வாழையும், ஒரு பக்கம் உழுது தண்ணீர் கட்டிய வயல், இரண்டு பக்கமும் கூடவே வரும் மலை. டிரைவர் இளையராஜா பாட்டுப் போட்டிருந்தார். பண்ணைப்புரம் எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருக்கும்போது வேறு எதைப் போடுவார்? உத்தமபாளையம் வந்தது. அங்கே பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி, வட்டெழுத்தில் கல்வெட்டும் வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்டவை. இறங்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இறங்கவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட ஓடுவதற்குப் பெயர் மறுபடியும் வேன் பேசிப் போவதுதானே! சுருளி அருவியையும் அப்படியேதான் விட்டுவைத்தேன்.

ஒரு விஷயத்தை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வழியில் ஒரு பஸ் நிலையத்துக் கழிப்பறைக்குப் போனேன். ஐந்து ரூபாய் வாங்கினார்கள். உள்ளே தாழ்ப்பாள் இல்லை, வாளி இல்லை, தண்ணீர் நூல் போல வந்தது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டேன். நாம் வெளியே கிளம்பினால் தண்ணீர் குடிக்காமல் வறண்டு கிடப்பது இதனால்தான். அப்படி அடக்கி அடக்கித்தான் பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வருகிறது என்று எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா திட்டுவார். தண்ணீரைக் குறைக்காதீர்கள். பையில் ஒரு சின்ன சோப்பும், பழைய துணித் துண்டும், ஒரு மக் தண்ணீர் பிடிக்கிற காலி பாட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். கோயில் பக்கமோ பெரிய ஹோட்டலோ வந்தால் தேவையில்லாவிட்டாலும் போய்விட்டு வாருங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

கம்பத்திலிருந்து லோயர் கேம்ப்புக்கு டவுன் பஸ் கிடைத்தது. கூடலூர் தாண்டியதும் மலை கிட்டே வந்துவிடுகிறது. முதலில் கண்ணில் பட்டவை மலைமேலிருந்து கீழே இறங்கும் ராட்சசக் குழாய்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையை ஊன்றிக்கொண்டு அப்படியே அண்ணாந்து பார்த்தேன். அந்தக் குழாய்க்குள்தான் எங்கள் வாய்க்கால் இருக்கிறது!

விஷயம் இதுதான். பெரியாறு மேற்கே ஓடிக் கடலில் கலக்கிற ஆறு. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் மதுரைச் சீமை எலும்பும் தோலுமாகிப் போயிற்று. மலைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் வீணாகிக்கொண்டிருந்தது. அந்த ஆற்றை மறித்து, கிழக்கே திருப்பிவிடும் வேலையை 1887-ல் கர்னல் ஜான் பென்னி குயிக் ஆரம்பித்தார். யானையும் காய்ச்சலும் நிறைந்த காடு. கட்டக் கட்ட வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மலேரியாவிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கான கூலிக்காரர்கள் செத்தார்கள். சுண்ணாம்பும் செங்கல் தூளும் கல்லும் கொண்டு கட்டிய அணையை 1895 அக்டோபர் 10-ம் தேதி கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார். அணையில் தேங்கும் தண்ணீர் ஒரு மைலுக்குச் சற்றுக் கூடுதலான சுரங்கத்தின் வழியாக மலையைக் கடந்து நம் பக்கம் வருகிறது. அங்கிருந்து குழாய்களில் இறங்கி, 1958-லிருந்து லோயர் கேம்ப்பில் மின்சாரமாகி, அதன் பிறகுதான் ஆறாகிறது. கரண்ட் எடுக்காத சமயத்தில் மலைப் பக்கம் இரைச்சல் பாலம் வழியாக விழும். பெயரே சொல்லிவிடுகிறது, பக்கத்தில் நின்றால் பேச்சுக் கேட்காது என்பார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு போகம் விளையும் 14,707 ஏக்கருக்கும் இந்தத் தண்ணீர்தான் ஆதாரம். இதுவே வைகையில் கலந்து மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை போகிறது. இதற்காக இரண்டு மாநிலங்களும் கோர்ட்டுக்கு நடந்ததும், 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் உங்களுக்குத் தெரிந்ததே. எங்கள் பக்கத்தில் வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்கும் அந்த 142 தெரியும்.

பென்னி குயிக் மணிமண்டபம் ரோட்டை ஒட்டியே இருக்கிறது. 2013 ஜனவரி 15-ம் தேதி, அவருடைய பிறந்த நாளன்று திறந்தது. அவர் பிறந்தது 1841. உள்ளே அவருடைய சிலை, அணை கட்டும்போது எடுத்த பழைய படங்கள். நான் போனபோது என்னைத் தவிர ஒரு கல்லூரி ஜோடியும், பெருக்குகிற அம்மாவும்தான். படங்களில் அந்தத் துரையை விட அவருக்குப் பின்னால் நிற்கிறவர்களைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்குப் பெயர் எழுதியிருக்கவில்லை. அதில் யாராவது எங்கள் பக்கத்துக்காரராக இருக்கலாம். எங்களுக்குப் பக்கத்துப் பாலார்பட்டியில் தைப்பொங்கலன்று பென்னி குயிக்குக்குப் பொங்கல் வைக்கிறார்கள். வீட்டில் குழந்தைக்கு அவர் பெயரையே வைத்திருப்பவர்களும் உண்டு. 2022-ல் இங்கிலாந்தில் கேம்பர்லி என்ற ஊரிலும் தமிழ்நாடு அரசு அவருக்குச் சிலை வைத்தது. சீனாவில் லீ பிங்குக்குக் கோயில் என்று அவள் சொன்னபோது அதிசயமாகக் கேட்டேன். நாங்கள் செய்வதும் அதேதான் என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

வெளியே வந்தால் மரத்தடியில் ஒரு பூக்காரம்மா. அறுபது வயதிருக்கும். என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒத்தையிலயா வந்த தாயி?"

"ஆமாக்கா."

"வீட்டுல சண்டையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இல்லை, பார்க்க வந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. "புருஷன் அடிச்சானா? சொல்லு, இங்கிட்டுப் போலீஸ் ஸ்டேஷன்ல நமக்குத் தெரிஞ்ச புள்ளைக இருக்கு" என்றார். என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். குச்சனூர் என்றதும்தான் கொஞ்சம் தெளிந்தார். பிறகு தன் கதையைச் சொன்னார். கூடலூர்க்காரர். முப்பது வருஷம் ஏலத்தோட்டத்துக்குப் பழம் எடுக்கப் போனவர். விடியும் முன்னே ஜீப்பில் ஏறி, மலையேறி, கேரளாப் பக்கம் வேலை பார்த்து, சாயங்காலம் திரும்பி வருவது. ஒரு ஜீப்பில் பதினைந்து பேர், இருபது பேர்.

"இந்த வழியாத்தான் தாயி தெனமும் போவேன். இந்தக் கொழாயத் தெனமும் பாப்பேன். ஒரு நாளு எறங்கி நின்னதில்ல. முட்டி வலி வந்து வேலையை விட்டு, இங்க பூ கட்ட வந்தப்புறந்தான் இந்த மண்டபத்துக்குள்ளயே போனேன்."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், தொடுத்துக்கொண்டே. நான் இருபது ரூபாய்க்கு மல்லிகை வாங்கினேன். கூட ஒரு முழம் விட்டுக் கொடுத்தார்.

சாப்பிடுவதற்கு ஆற்றுப் பக்கமாக நிழல் பார்த்து உட்கார்ந்தேன். "தண்ணிக்குள்ள எறங்கிடாத, கரண்ட் ஆபீஸ்ல தெறந்து விட்டா சடார்னு ஏறும்" என்று பூக்காரம்மா எச்சரித்திருந்தார். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை முக்கியமாக மனதில் வைக்க வேண்டும். டப்பாவைத் திறந்ததுதான் தாமதம், ஒரு குரங்கு வந்து மோர்மிளகாயைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. கிளையில் உட்கார்ந்து ஒரு கடி கடித்தது. அப்புறம் என்னைப் பார்த்ததே ஒரு பார்வை! மிச்சத்தை என் மேலேயே எறிந்துவிட்டுப் போய்விட்டது. தயிர்சாதத்தை ஊறுகாயோடு முடித்தேன்.

அப்புறம் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றரை மணி நேரம் ஒன்றுமே செய்யவில்லை. ஆறு பச்சையும் பழுப்புமாகப் போய்க்கொண்டிருந்தது. முதல் அரைமணி நேரம் கஷ்டமாகத்தான் இருந்தது. அடுப்பை அணைத்தோமா, அத்தை மாத்திரை போட்டார்களா, கொடியில் துணி நனையுமோ என்று மனசு வீட்டிலேயே சுற்றியது. வீட்டுக்காரர் மூன்று தடவை போன் பண்ணினார். ஒரு தடவை சர்க்கரை டப்பா எங்கே என்று. ஒரு தடவை சும்மா. மூன்றாவது தடவை, "என்ன பண்ற?" என்றார். "உக்காந்திருக்கேன்." "என்ன பாக்குற?" "தண்ணியப் பாக்குறேன்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நெறைய வருதா?" என்றார். நிறைய வருகிறது என்றேன்.

சின்னக் குழந்தை வைத்திருக்கும் தங்கைமார் இதைப் படித்துவிட்டு, உனக்கென்ன அம்மா, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று நினைக்கலாம். நினைப்பதும் சரிதான். என் மூத்தவனுக்கு இரண்டு வயது இருந்தபோது என்னால் கோயில் குளத்துக்குக்கூடத் தனியாகப் போயிருக்க முடியாது. ஆனால் இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தால், பக்கத்து ஊர்க் கோயில் பிராகாரம் வரை போய் உட்கார்ந்துவிட்டு வரலாம். அதை நான் அப்போது கேட்கவில்லை. கேட்கலாம் என்று தோன்றவேயில்லை. அது ஒன்றுதான் எனக்குக் குறை.

கொண்டுபோன பாட்டில் காலியாகியிருந்தது. படிக்கட்டோரமாகக் குனிந்து ஆற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்றிருந்தது. எங்கள் வாய்க்காலுக்கு வரும்போது அந்தக் குளிர்ச்சி இருக்காது.

மூன்று மணிக்கு டீயும் இரண்டு வாழைக்காய் பஜ்ஜியும், முப்பது ரூபாய். குமுளியிலிருந்து வந்த ரூட் பஸ்ஸில் கம்பத்துக்குப் பதினைந்து. கம்பத்தில் அரைக் கிலோ பன்னீர் திராட்சை நாற்பது ரூபாய். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்த ரகத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். கடைகளில் விற்கும் கொட்டையில்லாத திராட்சை மாதிரி வெறும் இனிப்பு இல்லை. கொட்டை உண்டு, தோலில் லேசான புளிப்பு உண்டு, வாசனை தனி. மருந்து அடிப்பதால் உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு, இரண்டு தடவை அலசிவிட்டுத் தின்னுங்கள். மிஞ்சினால் கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவைத்து, மசித்து வடிகட்டி, சர்க்கரை சேர்த்து ஆறவைத்தால் பிள்ளைகளுக்கு ஜூஸ். சர்க்கரை நோய்க்காரர்கள் பத்துப் பழத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஏலத்தோட்டத்து ஜீப்புகள் இறங்கி வந்தன. தலையில் துண்டு கட்டி, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து தூங்கியபடி பெண்கள். ஒருத்தி மட்டும் விழித்திருந்தாள். என் தலையில் இருந்த பூவைப் பார்த்தாளா, திராட்சைப் பையைப் பார்த்தாளா தெரியாது. சிரித்தாள்.

சின்னமனூருக்கு மறுபடி இருபது ரூபாய், மறுபடி ஒரு ஐந்து ரூபாய்க் கழிப்பறை (இது பரவாயில்லை), கடைசியாக டவுன் பஸ். கணக்குப் பார்த்தேன்: மொத்தம் நூற்று எழுபத்தேழு ரூபாய். ரவிக்கைக்குள் இருந்த நூறு அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைக்கிற நேரம். ஊர் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குத் தெரிந்திருந்தால்தானே! மாமியார் திண்ணையிலேயே இருந்தார். எழுபத்தெட்டு வயது. பன்னிரண்டு வயதிலிருந்து இந்த வயல்களில் நாற்று நட்டவர். ஜூன் மாதம் வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும்போது தொட்டுக் கும்பிட்டுத்தான் காலை வைப்பார். பூவையும் திராட்சையையும் கொடுத்தேன். பாட்டிலைக் காட்டி, "அத்தை, லோயர் கேம்ப்புத் தண்ணி" என்றேன்.

வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பஸ் சூட்டில் வெதுவெதுவென்று ஆகியிருந்தது.

"அது எப்பிடித்தா வருது? மலையில ஓட்டை போட்டுருக்குன்னு உங்க மாமா சொல்லுவாரு. ஓட்டை தெரியுதா?"

"ஓட்டை தெரியல அத்தை. கொழாய்தான் தெரியுது. பெருசு பெருசா, மலை மேலேருந்து வரிசையா எறங்குது."

"கொழாயா?" என்றார். நம்பாதது போல இருந்தது. பிறகு பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, தலையில் தெளித்துக்கொண்டார். "உக்காரு, மொதல்லேருந்து சொல்லு. பஸ் ஏறுனதுலேருந்து சொல்லு."

உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றார். குரங்கு மிளகாயை எறிந்த இடத்தில் அவர்தான் பெரிசாகச் சிரித்தார். பூக்காரம்மா போலீஸைக் கூப்பிடப் போன கதையைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை. ஜீப்பில் சிரித்த பெண்ணிடம் வந்தபோதுதான், காலையில் இட்லிக்கு அரிசி ஊறப்போடாமல் போய்விட்டேன் என்பது ஞாபகம் வந்து எழுந்தேன்.

"கெடக்கட்டும், நாளைக்கு உப்புமா கிண்டிக்கலாம்" என்றார் மாமியார். "அந்தப் புள்ள ஏன் சிரிச்சுச்சாம்?"